பதின்மூன்றிலிருந்து பதினெட்டு வரை

9 பிப்ரவரி

ஆண்டவன் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

உங்கள் கடிதமும் அதோடு ஜெயிலிலிருந்து வந்த படிவமும் கிடைத்தன. இதை உங்களுக்கு முன்னால் பிரித்துப் படிக்கிற அதிகாரி ஐயாவுக்கும் என் வணக்கம். இதில் நாற்றமடிக்கிற சங்கதிகள் நிறைய வரும், அவர் மன்னிக்க வேண்டும்.

படிவத்தை நாலு தடவை எழுத்துக்கூட்டிப் படித்தேன். வீட்டுப் பொறுப்பாளர் 'சம்மதம்' என்ற கட்டத்தில் கையெழுத்துப் போட்டால் உங்களை எட்டு மாதம் முன்னதாகவே வீட்டுக்கு அனுப்புவார்கள் என்று புரிந்துகொண்டேன். ஏப்ரல் முப்பதுக்குள் படிவம் அங்கே போய்ச் சேர வேண்டுமாம். 'சம்மதமில்லை' என்றும் பக்கத்தில் ஒரு கட்டம் இருக்கிறது. இரண்டிலும் நான் இன்னும் பேனா வைக்கவில்லை. கோபப்படாமல் மேலே படியுங்கள்.

ஏழாவது கேள்வி, 'வீட்டில் நோயாளி உண்டா?' அதற்குப் பதில் எழுத உட்கார்ந்தபோதுதான், நாலு மாதமாக உங்களிடம் மறைத்ததை இனி மறைக்க முடியாது என்று தெரிந்தது. மாமா குளியலறையில் வழுக்கி விழுந்தார் என்று மட்டும் எழுதியிருந்தேன். வழுக்கவில்லை. பக்கவாதம். வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது, பேச்சும் போய்விட்டது. இடது கை மட்டும் லேத் பட்டறையில் நாற்பது வருஷம் இரும்பைப் பிடித்த அதே கையாக இருக்கிறது. ஒன்றுக்கும் இரண்டுக்கும் கட்டுப்பாடு இல்லை.

கடையில் விற்கிற காகித டயப்பர் போட்டுப் பார்த்தேன். கிழித்துப் பஞ்சை வாயில் போட்டுக்கொள்கிறார். ஆகையால் பக்கத்துத் தெருத் தையல்காரம்மாவிடம் சொல்லித் துணியிலேயே கால்சட்டை மாதிரி தைத்து வாங்கினேன். உள்ளே மெல்லிய பருத்தி, நடுவில் துண்டுத் துணி நாலு மடிப்பு, இடுப்பின் இரண்டு பக்கமும் பிரஸ் பட்டன். மேலே ஒழுகாமலிருக்க ரெயின்கோட் துணியில் ஒரு உறை. மொத்தம் பதினெட்டு. ஒவ்வொன்றின் ஓரத்திலும் சிவப்பு நூலால் எண் போட்டிருக்கிறேன். எந்தத் துணி எத்தனை மணிக்குக் கட்டினேன், எத்தனை மணிக்கு அவிழ்த்தேன், நனைந்ததா, நாறியதா என்று நோட்டில் எழுதிவருகிறேன். எந்தக் கணக்கையும் நான் எழுதாமல் விட்டதில்லை என்று உங்களுக்குத் தெரியும்.

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். மாற்றும்போது மாமா அடிக்கிறார். எல்லா நேரமும் இல்லை. காலையும் மாலையும் நான் சாமி கும்பிடுகிற நேரத்தில்தான் அதிகம். கும்பிட்டு எழுந்து வந்து துணியில் கை வைத்தால் அசுரன் வந்த மாதிரி கண் மாறிவிடுகிறது. போன மாதம் முழங்கையை ஓங்கி என் கீழ்வரிசைப் பல் ஒன்றை உடைத்துவிட்டார். அதற்கு முன் தோளில் கடித்தது சீழ் வைத்து ஆறியது. ஆண்டவன் பெயரைக் கேட்டாலே இவருக்கு ஆகவில்லையோ என்று பயமாக இருக்கிறது.

தையல்காரம்மாவுக்கு வாய் சும்மா இருக்காது. மாடியில் துணி காய்வதைப் பார்த்துவிட்டுக் கேட்கிறாள்: "ஏம்மா, பதினெட்டு வெள்ளைக்கொடி தொங்கவிட்டிருக்க, இன்னுமா உங்க வீட்ல சண்டை ஓயல?"

சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடுங்கள். சலவைக்கூடத்துக்கு மாற்றினார்கள் என்று எழுதியிருந்தீர்கள். ஈரத்திலேயே நின்று சளி பிடித்துக்கொள்ளாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி

17 பிப்ரவரி

அடி என் கணக்குப்பிள்ளைக்கு,

கடிதம் கிடைத்தது. அப்பாவுக்கு இப்படி ஆனதை நாலு மாதம் மறைக்க உனக்கு எவ்வளவு நெஞ்சழுத்தம். நேரில் இருந்திருந்தால் வேறு மாதிரி கேட்டிருப்பேன்.

அப்பா கை நீட்டுகிறார் என்று ஒப்பாரி வைத்திருக்கிறாய். அவர் கை அப்படித்தான். எனக்கு ஒன்பது வயதில் இடுப்பு பெல்ட்டால் அடித்த தடம் இன்னும் முதுகில் இருக்கிறது. நான் செத்தா போய்விட்டேன்? ஒரு பல் போனதைப் பெரிதாக எழுதியிருக்கிறாய். பட்டறையில் ஸ்பேனரால் அடித்து நான் உள்ளே வந்தேனே, அந்த ஃபோர்மேனுக்குத் தாடையே போயிற்று, அவனே போலீசில் இவ்வளவு பக்கம் எழுதிக்கொடுக்கவில்லை.

சரி விடு. சலவைக்கூடத்தில் எனக்கு மேல் ஒரு பழைய கைதி இருக்கிறார். எல்லோரும் 'சோப்பு அண்ணன்' என்கிறார்கள். இருபது வருஷமாகத் துணிதான். இங்கேயும் ஆஸ்பத்திரி வார்டு இருக்கிறது, கிழடுகள் இருக்கின்றன, நீ சொல்கிற மாதிரித் துணி தினம் நாற்பது ஐம்பது வருகிறது. முதல் நாள் நான் எடுத்த எடுப்பில் கொதிநீரில் போட்டேன். பின்மண்டையில் ஒன்று வைத்தார். "மடையா, சூடு பட்டா கறை வெந்து நூலோட ஒட்டிக்கும்டா. மொதல்ல பச்சத் தண்ணி, அப்பறம்தான் வெந்நீர்." நீயும் அப்படியே செய். இரண்டுக்குப் போனதைக் கழிவறையில் உதறிவிட்டு, பச்சைத் தண்ணீரில் அலசி, அதற்குப் பிறகு சோப்பு. ரெயின்கோட் உறையை மட்டும் வெந்நீரில் போடாதே, வெயிலிலும் காயப்போடாதே, வெடித்துவிடும்.

இங்கே கஞ்சி போடும் உருளை இயந்திரத்தில் போன வாரம் ஒருத்தன் கையை இன்னொருத்தன் பிடித்துத் தள்ளிவிட்டான். விரல் நாலும் அப்பளம். சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. இந்த இடத்தில் மனுஷன் இருக்க முடியாது. நீ கட்டத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பு. நான் வந்து அப்பாவைப் பார்த்துக்கொள்கிறேன். உனக்கும் ஓய்வு.

உன் புருஷன்

3 மார்ச்

ஆண்டவன் பார்த்துக்கொண்டிருக்கிறார். நேற்றும் பார்த்தார்.

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

உங்கள் சோப்பு அண்ணன் சொன்னபடி பச்சைத் தண்ணீரில் அலசினேன். கறை போகிறது. அவருக்கு என் நன்றியைச் சொல்லுங்கள்.

நேற்று நான் மாமாவை அடித்துவிட்டேன்.

வேறு யாராவது சொல்லி உங்களுக்குத் தெரிவதைவிட நானே எழுதுவது நல்லது. காலை ஆறரைக்குக் கும்பிட்டு முடித்து வந்தேன். எண் 15 கட்டியிருந்தது, நனைந்திருந்தது. வாளியில் முந்தைய துணி ஒன்று அலசிப் பிழிந்து வைத்திருந்தேன். பட்டனைப் பிரித்ததும் என் கொண்டையைப் பிடித்துக்கொண்டார். கட்டிலின் இரும்புக் கம்பியில் என் நெற்றியை இரண்டு தடவை மோதினார். இடது கைதான், ஆனால் அந்தப் பிடியிலிருந்து ஒரு ஆளால் விடுபட முடியாது. மூன்றாவது தடவைக்கு இழுத்தபோது, என் கை வாளிக்குள் போனது. பிழிந்த துணி முறுக்கு அவிழாமல் கயிறு மாதிரி கையில் வந்தது. ஓங்கி முகத்தில் போட்டேன்.

ஒரே அடி. மூக்கிலிருந்து இரத்தம் வந்து மீசையில் இறங்கியது. தலைமுடியை விட்டுவிட்டார். அழவில்லை. வாயைத் திறந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சொன்னாலும் ஆண்டவனுக்குத் தெரியும், சொல்லாவிட்டாலும் தெரியும்: அந்த நொடி எனக்குச் சுகமாக இருந்தது. உடம்பெல்லாம் குளிர்ந்தது. மாலையில் சாமி படத்துக்கு முன்னால் நிற்க முடியவில்லை. கும்பிடாமல் வந்துவிட்டேன். எனக்கு நினைவு தெரிந்து இது முதல் தடவை.

இரத்தத்தைத் துடைத்து, மூக்கு உடையவில்லை என்று பார்த்து, கஞ்சி கொடுத்தேன். குடித்தார். தையல்காரம்மா சத்தம் கேட்டு ஓடி வந்தவள் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "யாருக்கு மொதல்ல மருந்து போடட்டும்?" என்று கேட்டாள். "பெரியவருக்கு" என்றேன்.

படிவம் நோட்டுக்குள் இருக்கிறது. இந்த வீட்டுக்கு ஒரு ஆண் துணை வேண்டும் என்றும் தோன்றுகிறது. அந்த ஆள் நீங்கள் என்றதும் கை நின்றுவிடுகிறது. உங்களிடம் ஒளிக்காமல் எழுதிவிட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி

9 மார்ச்

ஏய்,

எங்கப்பன் மேல் கை வைக்க நீ யார்? ஒரு பக்கம் விழுந்து கிடக்கிற மனுஷன். அவர் வாயில்லாதவர் என்ற தைரியம்தானே?

████████████████████
████████████████████
████████████████████
████████████████████
████████████████████

அவர் அடித்தார் அடித்தார் என்று நீ சொல்வதற்குச் சாட்சி யார்? உன் நோட்டுதானே. அதில் உனக்குப் பிடித்ததைத்தான் எழுதியிருப்பாய். தைரியமிருந்தால் அந்தக் கணக்கை அப்படியே நகலெடுத்து அனுப்பு, பார்க்கிறேன்.

உன் புருஷன்

15 மார்ச்

ஆண்டவன் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

கறுப்பு மை அடித்த ஐந்து வரிகளையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் படித்துவிட்டேன். அதிகாரி ஐயா வீணாக மை செலவழித்திருக்கிறார். எனக்கு மனப்பாடமான வரிகள்தான். கையை முறிப்பது, அம்மிக்கல், என் அப்பா பெயர், எல்லாம் பழைய வரிசையிலேயே இருந்தன.

கணக்கு கேட்டீர்கள். நான் அடித்த நாளுக்கு மறுநாளிலிருந்து நகல் எடுத்திருக்கிறேன். நாலு பக்கம், இந்தக் கடிதத்தோடு தனியாக வைத்து அனுப்புகிறேன். எழுதும் முறை தெரிய, ஒரு நாளை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

மார்ச் 7.
காலை 6.30. எண் 14. நனைந்தது. அடி மூன்று. காதில் இரண்டு, வயிற்றில் ஒன்று.
காலை 9.50. எண் 3. நனைந்தது, நாறியது. அடி இல்லை.
பகல் 1.15. எண் 8. நனைந்தது. அடி இல்லை. தூங்கிக்கொண்டே இருந்தார்.
பகல் 4.00. எண் 11. காய்ந்திருந்தது. அடி இல்லை.
மாலை 6.40. எண் 17. நனைந்தது. அடி ஒன்று. தம்ளரை எறிந்தார், புருவத்தில் பட்டது.
இரவு 9.30. எண் 5. நனைந்தது. அடி இல்லை.

பள்ளிக்கூடம் போகாதவள், பொட்டலக் காகிதத்தில் எழுத்துப் படித்தவள் என்று கல்யாணமான புதிதில் உங்கள் பட்டறை ஆட்களிடம் சொல்லிச் சிரிப்பீர்கள். பொட்டலக் காகிதம் எனக்கு ஒன்று கற்றுக்கொடுத்தது: எழுதியது எழுதியதுதான், அதில் கடலை மடித்தாலும் எழுத்து மாறாது.

ஃபோர்மேனைக் கடையில் பார்த்தேன். இன்னமும் இடது பக்கம்தான் மெல்லுகிறார். என்னைப் பார்த்ததும் வழிவிட்டு ஒதுங்கி நின்றார். எனக்குத்தான் வெட்கமாக இருந்தது.

இப்படிக்கு,
உங்கள் மனைவி

24 மார்ச்

அடி என் கணக்குப்பிள்ளைக்கு,

முதலில், போன கடிதத்தை மறந்துவிடு. கோபத்தில் எழுதியது. உனக்குத் தெரியாததா.

இப்போது சொல்வதை நன்றாகக் கேள். உன் நாலு பக்கத்தையும் சோப்பு அண்ணனிடம் காட்டினேன். உன்மேல் குற்றம் கண்டுபிடிக்கத்தான் காட்டினேன், பொய் சொல்லவில்லை. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உருளை இயந்திரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அரைமணி நேரம் படித்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார். "டேய், உன் பொண்டாட்டிய உங்கப்பன் அடிக்கலடா. துணி அடிக்குது."

நான் சிரித்தேன். மறுபடி பின்மண்டையில் ஒன்று. "பாருடா முட்டாளே. ஒன்னுலேருந்து பன்னெண்டு வரைக்கும் ஒரு அடி உண்டா? பதிமூணுலேருந்து பதினெட்டுக்குள்ளதான் அத்தனையும்."

நாலு பக்கத்தையும் நானே மறுபடி பார்த்தேன். உண்மை. பதின்மூன்றிலிருந்து பதினெட்டு வரை. நீ எழுதினாயே தவிர எண்ணையும் அடியையும் சேர்த்துப் பார்க்கவில்லை. அடி விழுகிறவளுக்கு அது எப்படித் தெரியும், விடு.

அந்த ஆறை மட்டும் நீ வேறு மாதிரி துவைக்கிறாயா? அண்ணன் கேட்கச் சொன்னார். கடைசி அலசலில் வாசனைத் திரவம், துணியை மெத்தென்று ஆக்குகிற அந்த நீலத் தண்ணீர், அது ஏதாவது ஊற்றுகிறாயா? ஊற்றினால் அதுதான் வினை. மெழுகு மாதிரி நூலில் ஒட்டிக்கொள்ளுமாம். ஒட்டினால் துணி ஈரத்தைக் குடிக்காது, தோல்மேலேயே நிறுத்திவைக்கும். பழைய மூத்திரமும் முழுக்க அலசிப் போகாமல் உள்ளேயே தங்கும். புதிதாக நனைந்ததும் காரம் கிளம்பித் தோலைத் தின்னும். பச்சைப் புண்ணில் மிளகாய் அரைத்துப் பூசிய மாதிரி இருக்குமாம். அந்த நேரத்தில் எவன் வந்து கை வைத்தாலும் அடிக்கத்தான் செய்வான். இங்கே வார்டில் ஒரு கிழவன் இப்படித்தான் கம்பவுண்டரைக் கடித்திருக்கிறான்.

செய்ய வேண்டியது: ஆறு துணியையும் சோப்பே போடாமல் வெந்நீரில் அலசு. நுரை வரும், பார். நுரை நிற்கிற வரை தண்ணீரை மாற்றிக்கொண்டே இரு. அப்புறம் சலவைச் சோடாவில் ஊறவைத்து, மறுபடி மூன்று அலசு. நல்ல வெயில். பிளீச்சிங் பவுடரை மட்டும் மூத்திரத் துணியில் போடாதே. புகை கிளம்பி மூச்சை அடைக்கும், இங்கே ஒருத்தன் நுரை தள்ளி விழுந்தான். அப்பாவின் தோலைப் பார்த்து எழுது.

உன் புருஷன்

4 ஏப்ரல்

ஆண்டவன் பார்த்துக்கொண்டிருக்கிறார். நான்தான் பார்க்காமல் இருந்திருக்கிறேன்.

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

பதின்மூன்றிலிருந்து பதினெட்டு வரை நான் கும்பிடும் நேரத்துக்கென்று ஒதுக்கிய துணிகள். கட்டிலுக்கும் சாமி படத்துக்கும் நடுவில் ஒரு திரைதான் இருக்கிறது. மூத்திர வாடை சாமி வரைக்கும் போகக்கூடாது என்று அந்த ஆறில் மட்டும் நீலத் திரவத்தை ஒரு மூடிக்கு இரண்டு மூடியாக ஊற்றினேன். மல்லிகை வாசனை. ஆண்டவனுக்கு வாசனை காட்டுகிறேன் என்று அந்த மனிதரின் தோலை அரித்திருக்கிறேன்.

நீங்கள் அடுத்துக் கேட்கப்போவது எனக்குத் தெரியும். தினம் மாற்றுகிறவளுக்குப் புண் எப்படித் தெரியாமல் போயிற்று? என் மாமனார். கண்ணை மூடிக்கொண்டுதான் மாற்றினேன். கை மட்டும்தான் வேலை செய்யும், முகம் சுவர்ப்பக்கம் இருக்கும். அது மரியாதை என்று நினைத்தேன். உங்கள் கடிதம் வந்த அன்று தையல்காரம்மாவைக் கூட வைத்துக்கொண்டு முதல் தடவையாகக் கண்ணைத் திறந்து பார்த்தேன். தொடைச்சந்து இரண்டும் தோலுரிந்து வெந்த தக்காளி மாதிரி இருந்தன. தையல்காரம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். "இதோட ஒரு மனுஷன் பேசாம படுத்திருந்தா அவன் கல்லுதாம்மா. இவரு அடிச்சது கம்மி" என்றாள்.

துணிகளை அலசினேன். பதினோரு தண்ணீர் மாற்றிய பிறகுதான் நுரை நின்றது. வாடை, அப்பா! முதல் வெந்நீர் ஊற்றியதும் கண்ணில் தண்ணீர் கொட்டியது. டாக்டரம்மா வந்து களிம்பு கொடுத்தார்கள். ஒவ்வொரு தடவையும் வெதுவெதுப்பான தண்ணீரில் துடைத்து, ஒற்றி எடுத்து, காற்று படக் கொஞ்ச நேரம் விட்டுக் கட்டுகிறேன்.

மார்ச் 29-ஆம் தேதியிலிருந்து அடி இல்லை. ஏழு நாள், நாற்பத்து மூன்று தடவை மாற்றியிருக்கிறேன், ஒரு அடிகூட இல்லை. நேற்று மாலை நான் கும்பிடுகிற பாட்டுக்கு இடது கையால் கட்டில் கம்பியைத் தட்டினார்.

உங்களுக்கும் சோப்பு அண்ணனுக்கும் எப்படி நன்றி சொல்வேன். உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். இவ்வளவு பொறுமையாக, ஒன்று, இரண்டு என்று விளக்கி, இந்த மாதிரி ஒரு கடிதம் ஒன்பது வருஷக் குடித்தனத்தில் எனக்கு வந்ததில்லை. படிவத்தை நோட்டிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மனைவி

11 ஏப்ரல்

என் அன்புக் கணக்குப்பிள்ளைக்கு,

'அன்பு மனைவி' என்று போட்டிருந்தாய். சலவைக்கூடம் முழுக்கக் காட்டினேன். சோப்பு அண்ணன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார், வெந்நீர் ஆவி என்று சொன்னார்.

இரண்டு நாளாக எனக்கு ஒரு யோசனை. அப்பாவை எல்லோரும் முரடன், மிருகம் என்றார்கள். கடைசியில் துணி. உள்ளே எரிந்தது, வெளியே அடித்தார், அவ்வளவுதான். ஒருத்தன் சும்மா அடிக்கமாட்டான். அப்படியானால் நானும்தானே? எனக்கும் எங்கேயோ ஏதோ எரிந்திருக்கும். எனக்கு அது என்னவென்று தெரியவில்லை, அப்பாவுக்குத் தெரியாத மாதிரியே. நீ எல்லாவற்றையும் எழுதிவைக்கிறவள். என் கணக்கும் நிச்சயம் உன்னிடம் இருக்கும், மறைக்காதே. அதை எடுத்துப் பார். எந்தத் துணி என்று கண்டுபிடி. கண்டுபிடித்துவிட்டால் அதை அலசிப் போட்டுவிடலாம். நான் வந்ததும் புது வாழ்க்கை.

நான் மாறிவிட்டேன் என்பதற்கு ஒரு அத்தாட்சி சொல்கிறேன். போன வாரம் சாப்பாட்டு வரிசையில் ஒரு தடியன் என் முகத்தில் காறித் துப்பினான். எல்லோரும் பார்த்தார்கள். பழைய நானாக இருந்தால் அவன் குடலை உருவியிருப்பேன். கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அடித்தால் முன்விடுதலை போய்விடுமே என்று துடைத்துக்கொண்டு நகர்ந்துவிட்டேன். உனக்காக.

முப்பதாம் தேதி நெருங்குகிறது. சம்மதம் என்ற கட்டம் இடது பக்கம்.

உன் அன்புக் கணவன்

20 ஏப்ரல்

ஆண்டவன் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

வீட்டுக்காரருக்கு,

நீங்கள் கேட்டபடி பழைய நோட்டுகளைப் பெட்டியிலிருந்து எடுத்தேன். ஐந்து நோட்டு. கிடைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டுதான் தேடினேன். கிடைத்தால் அலசத் தயாராக இருந்தேன், பதினோரு தண்ணீர் இல்லை, நூறு தண்ணீரானாலும்.

ஒன்பது வருஷத்தில் இருநூற்றுப் பதினாலு அடி. ஒரே நாளில் எத்தனை விழுந்தாலும் ஒன்று என்றுதான் எழுதியிருக்கிறேன். குடித்திருந்தபோது அறுபத்தொன்று. குடிக்காதபோது நூற்று ஐம்பத்து மூன்று. ஆகக் குடி இல்லை. சம்பள நாளிலும் உண்டு, சம்பளம் வராத நாளிலும் உண்டு. பட்டறையில் சண்டை போட்டு வந்த நாளும் இருக்கிறது, உங்களுக்குப் பரிசு கொடுத்த நாளும் இருக்கிறது. நீங்கள் அப்போதைக்கப்போது சொன்ன காரணத்தையும் பக்கத்திலேயே எழுதியிருந்தேன். கதவு திறக்கத் தாமதம். கதவைச் சீக்கிரம் திறந்தேன், யாரை எதிர்பார்த்து? சிரித்தேன். சிரிக்கவில்லை. குழம்பில் உப்பு. "உப்பு சரியா இருக்கே, யார்கிட்ட கேட்டு போட்ட?" இந்தக் கடைசியைப் படித்தபோது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. நாலு நாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தேன். மாமாவின் கணக்கில் ஆறு எண்கள் இருந்தன. உங்கள் கணக்கில் எல்லா நாட்களிலும் பொதுவாக இருந்தது நான் ஒருத்திதான்.

துப்பினவன் முன்னால் கை கட்டி நின்றதாக எழுதியிருந்தீர்கள். படித்துச் சந்தோஷப்படத்தான் பார்த்தேன். ஆனால் மாமாவால் அப்படி நிற்க முடியாது. எரிந்தால் அவர் கை தானாகப் போகும், அவர் அதற்கு எஜமானர் இல்லை. உங்கள் கை நீங்கள் சொன்னால் கேட்கிறது. எட்டு மாதம் போய்விடும் என்றால் நிற்கிறது. ஃபோர்மேன் தாடைக்கும் என் விலா எலும்புக்கும் அப்படி எதுவும் போகாது என்று அது கணக்குப் போட்டிருந்தது.

இன்னொரு கணக்கு இருக்கிறது, உங்களுக்கு அனுப்பிய நகலில் நான் சேர்க்காதது. வெட்கமாக இருந்தது, அதனால் விட்டேன். நான் மாமாவை அடித்தது ஒரே ஒரு அடி. மறுநாள் காலை வாளியிலிருந்து ஒரு துணியை எடுத்து உதறினேன். சத்தம் கேட்டதும் மாமா அந்த ஒரு கையால் முகத்தை மூடிக்கொண்டார். லேத் பட்டறைக் கை. விரல் இடுக்கு வழியாக என்னைப் பார்த்தார். நான் துணியைக் கீழே வைத்துவிட்டு, "மாமா, இல்ல, ஒதறத்தான் செஞ்சேன்" என்றேன். கை இறங்கவில்லை. அன்றிலிருந்து துணியை உதறினால் மூடுவார். நான் கொசு அடிக்கக் கையைத் தூக்கினால் மூடுவார். வேகமாக வந்தாலே மூடுவார். புண் ஆறி, அடிப்பதை அவர் விட்ட பிறகும் மூடினார். நான் தினம் எழுதினேன். ஏப்ரல் பன்னிரண்டாம் தேதி மாலை கடைசித் தடவை. பதின்மூன்றாம் தேதி அவர் தலைக்கு மேலேயே துணியை உதறிவிட்டேன், மறந்துபோய். கொட்டாவி விட்டார்.

ஒரு அடிக்கு நாற்பத்தொரு நாள். அதுவும் அடித்தவள் தினமும் களிம்பு போட்டு, ஊட்டிவிட்டு, "மன்னிச்சுக்குங்க மாமா" என்று சொல்லிக்கொண்டே இருந்து, நாற்பத்தொரு நாள்.

இருநூற்றுப் பதினாலை நாற்பத்தொன்றால் பெருக்கினேன். எட்டாயிரத்து எழுநூற்று எழுபத்து நாலு நாள். லீப் வருஷங்களையும் சேர்த்துப் பார்த்தால் இருபத்து நாலு வருஷமும் எட்டு நாளும் வருகிறது. மூன்று தடவை சரிபார்த்தேன்.

எட்டு நாளைத் தள்ளிவிடுகிறேன்.

உங்கள் முழுத் தண்டனை முடிந்த பிறகு அப்பாவைப் பார்க்க வேண்டுமென்றால் பகலில் தையல்காரம்மா வீட்டில் இருக்கிற நேரம் பார்த்து வாருங்கள். மாமாவைச் சக்கர நாற்காலியில் வைத்து வாசலுக்குக் கொண்டுவருவேன். அவரை நான் கடைசிவரை பார்த்துக்கொள்வேன், அதில் உங்களுக்குக் கவலை வேண்டாம். சோப்பு அண்ணனுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

படிவத்தை இதோடு வைத்திருக்கிறேன். கையெழுத்து வலது பக்கக் கட்டத்தில் இருக்கிறது.

இப்படிக்கு,
மாமாவின் மருமகள்